கிளை எண் 390

ஜாலான் ஈப்போவில் மூன்றாம் மாடி,
துடைப்பம் வைத்திருந்த அறையைக் காலி செய்து தந்தார்கள்.
பீரோ அளவு இயந்திரம். அதற்குத் தனியாகக் குளிர்சாதனம்.
கணக்குப் பிரிவு ஊய் லெங் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
நான் பதினோரு வருஷமா ஒரு ஃபேன் கேக்குறேன்.

கம்பெனிக்கு இரண்டு ஆபீஸ்.
பினாங்கில் லெபோ பந்தாயில் ஒன்று, இங்கே ஒன்று.
நடுவே மாத வாடகைக்கு எடுத்த தடம், நாலு கம்பி:
பேச ஒரு ஜோடி
கேட்க ஒரு ஜோடி.
மனுஷனுக்கும் இப்படிப் பிரித்துக் கொடுத்திருக்கலாம்
என்றான் சாபுடின், கம்பியின் தோலைச் சீவிக்கொண்டே.
அந்த மாதம் அவன் விவாகரத்து
கோர்ட்டில் இருந்தது.

கம்பி தகராறு செய்யவில்லை. எண் செய்தது.
அங்கேயும் 200 இயக்குநர்
இங்கேயும் 200 இயக்குநர்.
இரண்டு பெட்டியும் ஒன்றானால்
ஒருவர் எண்ணை விட்டுக்கொடுக்க வேண்டும்.
பதினைந்து நாள் வேலை நின்றது.
முந்நூறு இருநூறை விடப் பெரியது என்று
கடைசியில் யாரோ எடுத்துச் சொல்ல
எங்கள் இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.
அவருக்குக் கீழே எல்லோரும் மூன்றில் தொடங்கினோம்.

சனிக்கிழமை இரவு சோதனை.
அந்தப் பக்கத்து ஆள்
கடைசி பெரியைப் பிடிக்க ஓடிவிட்டான்.
217-ஐ அழுத்தினேன்.
தஞ்சோங் மாலிம் தாண்டி, தைப்பிங் மழையில் நனையாமல்,
கடலைக் கடந்து
காலி மேசை ஒன்றில் மணி அடித்தது.
அடித்தது.

ஆபீஸ் அடைச்சாச்சு, திங்கக்கெழம பேசுங்க.

வைக்காதீங்க. நீங்க யாரு?
கூட்டுற செங்கமலம்.
ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுங்க.
எதுக்கு என்று கேட்கவில்லை. எண்ணினார்.
ஆறில் நின்றார்.
யாரோ எனக்குப் பின்னாலயே எண்ணுறாங்க தம்பி.
எதிரொலி.
திருகாணியை முடி அளவு திருப்பினேன்.
இப்ப?
ஏழு. எட்டு. இப்ப நான் மட்டுந்தான்.

எங்கேருந்து பேசுறே?
கோலாலம்பூர்.
காசு ஏறுமே?
ஏறாதும்மா. ஆபீசுக்குள்ள பேசுற மாதிரிதான்.

ஒரு வாளியைக் கீழே வைக்கும் சத்தம்
ஐந்து மணி நேரச் சாலையை ஒரு நொடியில் கடந்து
சுத்தமாகக் கேட்டது.

அந்தக் கட்டடத்துல ஜாகா ஒருத்தன் இருக்கானா?
வலது புருவத்துல தழும்பு. வேலாயுதம்னு பேரு.

வாசலில் இருக்கிறார். 390.

சோதனைத் தாளில் பாக்கி ஒரே ஒரு கட்டம்:
அழைப்பை மாற்றிக் கொடுத்தல்.
மாற்றிக் கொடுத்தேன்.
மூன்று மாடிக்குக் கீழிருந்து மணியோசை
படிப்படியாக ஏறி வந்தது.

நான் வைத்திருக்க வேண்டும்.
ஒலி அளவு பார்ப்பது என் வேலை என்று
எனக்கே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன்.

நாலு மாசக் கூட்டுப் பணம், வேலாயுதம்.
அறுநூறு வெள்ளி.

இரைச்சல் இல்லை. கரகரப்பு இல்லை.
அவ்வளவு நல்ல தடத்தில்
ஒரு மனிதன் பேசாமல் இருப்பது
முழுதாகக் கேட்கும்.

இருக்கியா?
இருக்கேங்க்கா.

அப்போதுதான் என் கம்பியைக் கழற்றினேன்.
தாளில் எழுதினேன்: இரு திசையும் தெளிவு.

பன்னிரண்டு மணிக்குக் கோப்பிப் பை இரண்டோடு
மேலே வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.
புருவத் தழும்பு வேர்த்திருந்தது.
அண்ணே, இந்த 390-ஐ
வேற நம்பரா மாத்த முடியுமா?

இயக்குநருக்கே பதினைந்து நாள் ஆச்சு, என்றேன்.